நில அளவையர் சேவை: கருவியைத் தூக்கும் முன் காகிதம் கேட்டவர்

மனை வாங்கும் முன் சொந்தச் செலவில் நில அளவையரை வைத்து ஒருமுறை அளந்து பார்க்க வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டும். நான் வாங்கிய மனைக்கு அப்படி ஒருவரை வைத்தேன். வேலை முடிந்து பத்திரமும் பதிவாகிவிட்டது. அவரைப் பற்றி நல்லது நிறையவும் குறை கொஞ்சமும் சொல்ல இருக்கிறது. பெயர் போடப் போவதில்லை. உங்கள் பக்கம் வேலை செய்பவர் வேறொருவராகத்தான் இருப்பார். இவர் செய்ததையெல்லாம் அவரும் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

நான் கணக்குத் தணிக்கை செய்பவள். ஓர் எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. விற்பவர் தரப்பில் கொடுத்த வரைபடத்தில் என்னை உறுத்தியதும் அதுதான். பச்சை, நீலம் என்று வண்ணம் தீட்டி, வடக்கு அம்புக்குறி போட்டு, பக்கங்களின் நீளத்தை இரண்டு தசமம் வரை எழுதியிருந்தார்கள்: முன்பக்கம் 20.12 மீட்டர், வலது 29.77, பின்பக்கம் 18.91, இடது 30.18. நடுவில் கொட்டை எழுத்தில் 585 சதுர மீட்டர். யார் அளந்தது, எதைக் கொண்டு அளந்தது, மூலைகளில் கல் இருந்ததா, வேலிக்கம்பம் இருந்ததா? ஒரு வரி கிடையாது. "சர்வே பண்ணின படம் மேடம், சென்டிமீட்டர் சுத்தம்" என்று தரகர் மட்டும் வாயால் சொன்னார்.

நான்கு பக்கமும் தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தெரியாது. நான்கு குச்சிகளை முனைகளில் ஒவ்வோர் ஆணி அடித்துச் சேர்த்துப் பாருங்கள். எந்தக் குச்சியின் நீளமும் மாறாமலே அந்தச் சட்டம் சாயும். சாயச் சாய உள்ளே இருக்கும் இடம் சுருங்கும். 20 மீட்டருக்கு 30 மீட்டர் சட்டம் நேராக நின்றால் 600 சதுர மீட்டர். மூலை 90 பாகைக்குப் பதிலாக 80 பாகை ஆனால் 591தான். அதனால்தான் மூலைக்கு மூலை குறுக்கு அளவு ஒன்று வேண்டும், அல்லது கோணம் வேண்டும். என்னிடம் கொடுத்த படத்தில் இரண்டும் இல்லை. பிறகு 585 எப்படி வந்தது? கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து ஒன்றோடொன்று பெருக்கியிருக்கிறார்கள். மிகப் பழைய குறுக்குவழி அது. அதில் வரும் விடை உண்மையான பரப்புக்குச் சமமாக இருக்கும், இல்லையென்றால் கூடுதலாக இருக்கும். ஒருபோதும் குறைவாக வராது. விற்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஏன் பிடிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஆள் தேடத் தொடங்கினேன். போனில் பேசிய முதல் சிலர் எல்லாரும் கருவியைப் பற்றித்தான் பேசினார்கள். "டோட்டல் ஸ்டேஷன் இருக்கு மேடம், ஜிபிஎஸ் இருக்கு, ட்ரோன் விட்டு வீடியோவும் எடுத்துத் தருவோம், நாளைக்கே வந்துடறோம்." நான் கடைசியில் அமர்த்தியவர் கருவிப் பேச்சே எடுக்கவில்லை. அவருடைய முதல் கேள்வி, "எதுக்கு அளக்கணும்? வாங்கறதுக்கா, கட்டறதுக்கா, சண்டைக்கா?"

அதிகப்பிரசங்கித்தனம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. இப்போது யோசித்தால் அந்தத் துறையில் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். எல்லையைக் கண்டுபிடிக்கும் அளவை ஒரு வேலை. நிலத்தின் மேல் இருக்கும் மேடு பள்ளம், மரம், சுவர், கம்பம் எல்லாவற்றையும் உள்ளபடி வரைந்து தரும் இடவிளக்க அளவை இன்னொரு வேலை. கட்டடத் திட்டத்தை எடுத்துவந்து எந்தத் தூண் எங்கே வர வேண்டும் என்று தரையில் குறித்துத் தருவது மூன்றாவது. இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இடவிளக்கப் படத்தில் வேலி எங்கே நிற்கிறதோ அங்கே கோடு விழும். அந்த வேலி நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறதா என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. வீடு கட்டும் பொறியாளருக்கு அது அருமையான படம்; வாங்குகிறவர் அதை எல்லைப் படம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால் வம்பு.

"வாங்கறதுக்கு" என்றேன். உடனே காகிதம் கேட்க ஆரம்பித்தார். விற்பவரின் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், நிலம் முதன்முதலில் பிரிக்கப்பட்டபோது வரைந்த படம், அப்புறம் மூன்று பக்கத்து மனைக்காரர்களின் பத்திர நகல்கள். கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பத்திரம் எனக்கு எதற்கு? "எல்லைக்கோடு என்பது இரண்டு பேருக்கும் பொது, மேடம். உங்க காகிதத்தை மட்டும் படிச்சா ஒரு பக்க வாக்குமூலம் மாதிரி ஆயிடும்" என்றார். பொதுப் பதிவேட்டில் நகல் எடுக்க முடிந்ததை அவரே எடுத்துக்கொண்டார், கிடைக்காததை நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாம் கைக்கு வரும்வரை மனைப் பக்கம் வர மறுத்துவிட்டார். விற்பவர் தரப்பு நெருக்கியபோதும் வரவில்லை.

காகிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் விஷயத்துக்காகவே நான் கொடுத்த கட்டணம் தகும். பிரிவினைக் காலத்துப் பழைய படத்தில் அளவுகள் மீட்டரிலும் இல்லை, அடியிலும் இல்லை. லிங்க் கணக்கில் இருந்தன. முன்பக்கம் 100, வலது 148, பின்பக்கம் 94, இடது 150. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620இல் கொண்டுவந்த சங்கிலி அளவு அது. 66 அடி நீளச் சங்கிலியில் 100 கண்ணிகள், கண்ணி ஒன்று ஒரு லிங்க், கிட்டத்தட்ட 20.1 சென்டிமீட்டர். சதுரச் சங்கிலி பத்து சேர்ந்தால் ஓர் ஏக்கர். அப்படியொரு தசமக் கணக்கை உள்ளே வைத்திருந்ததால்தான் அது அத்தனை காலம், அத்தனை நாடுகளில் தாக்குப்பிடித்தது.

"100 லிங்க்கை மீட்டராக்குங்க மேடம்" என்றார். 20.12. "148ஐ?" 29.77. எனக்குப் புரிந்துவிட்டது. வண்ணப் படத்தில் இருந்த நான்கு எண்களும் அப்படியே வந்தன. சென்டிமீட்டர் சுத்தமாக அளந்த படம் என்று எனக்குக் காட்டப்பட்டதை யாரும் அளக்கவே இல்லை. பழைய படத்தை மேசையில் வைத்து லிங்க்கை மீட்டராக மாற்றி எழுதி, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இதைவிட மோசம், பழைய படத்தில் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு 189 லிங்க் என்று குறுக்கு அளவு தெளிவாக எழுதியிருக்கிறது. வண்ணப் படத்தில் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தக் குறுக்கைச் சேர்த்து இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டால் பரப்பு 579 சதுர மீட்டர். 585 இல்லை. எங்கள் தொழிலில் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

ஆறு சதுர மீட்டர் ஒரு சின்ன அறை அளவு. அதற்காகச் சண்டை போடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. சதுர மீட்டர் கணக்கில் விலை பேசியிருந்தால் ஆமாம், போட வேண்டியதுதான்.

களப்பணி அன்று அவரும் ஓர் உதவியாளப் பெண்ணும் வந்தார்கள். நான் எதிர்பார்த்தது முக்காலியை விரித்துக் கருவியை ஏற்றுவார்கள் என்று. கடப்பாரையும் மண்வெட்டியும்தான் முதலில் வெளியே வந்தன. நீளத்தையும் பரப்பையும்விட, ஆரம்பத்தில் நட்ட எல்லைக்கல் அசையாமல் அதே இடத்தில் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு அதிகம். பல நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றும் வரிசை அது. பத்திரத்தில் எழுதியிருக்கும் பரப்பு அந்த வரிசையில் கடைசியில் நிற்கும். "சற்றேறக்குறைய" என்று அதன் முன்னால் ஒரு சொல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே கல்லைத் தேடுவதுதான் வேலை. முன்பக்கத்து இரண்டு கற்களும் சுலபமாகக் கிடைத்தன. பின் வலது மூலையில் மேலே ஒன்றுமே தெரியவில்லை. பழைய அளவைக் கொண்டு உத்தேசமாக ஓரிடத்தைக் குறித்து, உதவியாளப் பெண் பொறுமையாகத் தோண்டினாள். முழங்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் மேலேயே கல்லின் தலை தட்டுப்பட்டது. காலப்போக்கில் மண் ஏறி மூடியிருக்கிறது. பின் இடது மூலையில் கல் இல்லை. அங்கே பக்கத்து வீட்டுச் சுவரின் முனை நின்றது.

பிறகுதான் டோட்டல் ஸ்டேஷன் ஏறியது. கம்பின் நுனியில் இருக்கும் பிரிசம் என்ற, ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்கு ஒளிக்கதிரை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரத்தையும், கூடவே கோணத்தையும் அளக்கும் கருவி. மனை அளவுக்குள் தூரத்தில் சில மில்லிமீட்டருக்கு மேல் தவறாது. டேப் போட்டு அளந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மனை பின்பக்கம் சரிகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் தரையோடு 30 மீட்டர் டேப் பிடித்தால், கிடைமட்டத்தில் அது 29.85தான். படத்திலும் பத்திரத்திலும் வருவது கிடைமட்ட அளவு. சரிவு நிலத்தைத் தரையோடு டேப் வைத்து அளக்கும் ஒவ்வொருவரும் மனையைக் காகிதத்தில் பெரிதாக்கிக் காட்டுகிறார் என்பது இதன் பொருள். இந்த இடத்தில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஜிபிஎஸ் கருவியும் வைத்திருந்தார். ஆனால் முன்பக்கம் வானம் திறந்திருக்கும் இடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு மட்டும் பயன்படுத்தினார். நிலையான தளம் ஒன்றிலிருந்து உடனுக்குடன் திருத்தம் வாங்கும் அந்த முறையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். பின்னால் மரத்தடியில், சுவரோரத்தில் அதே கருவியை வைத்தால் திரையில் எண் அழகாக வரும், ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வந்த எண்ணாக இருக்கலாம். அங்கே அவர் அதைத் தொடவில்லை. கைப்பேசியில் வரைபடச் செயலியைத் திறந்து மனை மூலையில் நின்று "கோடு இங்கேதான் காட்டுது" என்று வாதாடுபவர்களுக்கு ஒரு சேதி: கைப்பேசி திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் போலத் தவறும். என் மனையின் அகலத்தில் கால் பங்கு அது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மூன்று கற்களுக்கு இடையே அளந்தபோது எதுவும் பழைய படத்தோடு அச்சாகப் பொருந்தவில்லை. முன்பக்கம் 20.12 வர வேண்டிய இடத்தில் 20.15. வலது பக்கம் 29.77க்குப் பதில் 29.82. குறுக்கு 38.02க்குப் பதில் 38.08. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்தார். "மூணையும் வகுத்துப் பாருங்க மேடம்." வகுத்தேன். மூன்றிலும் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றரை பங்கு கூடுதல். ஒரே விகிதம். உலோகச் சங்கிலி புழங்கப் புழங்கக் கண்ணிகளும் வளையங்களும் தேய்ந்து இளகிச் சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தவர் 100 என்று எழுதுவார், தரையில் அது 100க்கு மேல் இருக்கும். அந்தக் காலத்து அளவையரின் சங்கிலி எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது இத்தனை காலம் கழித்து என் மனையில் அகப்பட்டது. கல்லை யாராவது நகர்த்தியிருந்தால் ஒரு பக்கம் கூடும், இன்னொரு பக்கம் குறையும். மூன்றும் ஒரே விகிதத்தில் கூடாது. ஆகவே மூன்றும் ஆதியில் நட்ட கற்கள், நட்ட இடத்திலேயே இருக்கின்றன. எத்தனையோ தணிக்கை செய்திருக்கிறேன், பிழையே சாட்சி சொன்ன ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

காணாமல்போன நாலாவது மூலைக்கு அதே விகிதத்தைச் சேர்த்து, முன் இடது கல்லிலிருந்து 150 லிங்க், பின் வலது கல்லிலிருந்து 94 லிங்க் என்று இரண்டு வில் போட்டு, வெட்டும் இடத்தைக் குறித்தார். அத்தோடு விட்டுவிடாமல் பக்கத்து மனையின் பத்திரத்தில் உள்ள அளவுகளை அந்தப் பக்கத்துக் கற்களிலிருந்து போட்டுச் சரிபார்த்தார். இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்தது. பக்கத்து மனைப் பத்திரம் எதற்கு என்ற என் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. பழைய படத்தில் இருந்த திசைக் கோணங்களை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. காந்த ஊசி வைத்து எடுத்தவை அவை. காந்த வடக்கு ஆண்டுக்காண்டு இடம் மாறிக்கொண்டே இருப்பது.

அப்படிக் குறித்த இடம் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. சுவர் பின்மூலையில் 35 சென்டிமீட்டர் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. முன்னால் வர வரக் குறைந்து, தெரு ஓரத்தில் சரியாக எல்லையில் சேர்கிறது. மெல்லிய முக்கோணம். ஐந்து சதுர மீட்டருக்குச் சற்று மேல்.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அன்றே தெருவில் கூட்டம் கூடியிருக்கும். இவர் களப்பணிக்கு முன்பே மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு, வேண்டுமானால் கூட நிற்கலாம் என்று அழைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எங்கப்பா கட்டின சுவரு தம்பி. அப்ப யாரு அளந்தா?"

"தப்புன்னு சொல்ல வரலைங்க அய்யா. கல்லு எங்க இருந்திருக்கணும், சுவரு எங்க இருக்கு, ரெண்டையும் உள்ளபடி வரைஞ்சு தர்றேன். உங்களுக்கும் ஒரு நகல் தர்றேன்."

"அப்ப அந்த எடம் யாருது?"

"அதச் சொல்ற வேலை என்னுது இல்லீங்க."

நானும் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன், அதே பதில்தான். நீண்ட காலம் எதிர்ப்பில்லாமல் ஒருவர் வசம் இருக்கும் நிலத்தில் அவருக்கு உரிமை பிறக்குமா என்பது நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் விஷயம், வக்கீலிடம் கேளுங்கள் என்று முடித்துக்கொண்டார். நில அளவையர் கோடு எங்கே என்று கருத்துச் சொல்லலாம், நிலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. "நான் பார்த்துக்கறேன், சுவரை இடிக்க வச்சிடலாம்" என்று உங்களிடம் ஓர் அளவையர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

கருவி சரிபார்த்த சான்றிதழைக் கேட்டேன், முகம் சுளிக்காமல் காட்டினார். கருவி ஒருமுறை கீழே விழுந்திருந்தாலும் பட்டறைக்கு அனுப்பிச் சரிபார்க்காமல் தொடமாட்டாராம். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் கதையை அப்போது சொன்னார். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் கோண வட்டம் நெளிந்துபோனது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சீர்செய்தார். வேலை நேரத்தில் கதை பேசுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறுமை போனது, ஆனால் கதை நன்றாகத்தான் இருந்தது.

பத்திரத்தில் இல்லாத ஒன்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். பின் வலது மூலைக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஓர் இரும்பு மூடி. திறந்து பார்த்தால் கழிவுநீர்க் குழாய், பின்மனையிலிருந்து வந்து என் மனையைக் குறுக்கே கடந்து தெருவுக்குப் போகிறது. யாரும் சொல்லவில்லை; எந்தக் காகிதத்திலும் இல்லை. குழாய் போகும் பாதையையும் ஆழத்தையும் அளந்து படத்தில் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டார். அதன் மேல் அஸ்திவாரம் தோண்ட முடியாது. நான் வீட்டுக்கு வைத்திருந்த திட்டத்தில் சமையலறை சரியாக அங்கேதான் வந்தது. எல்லையைவிட இதனால்தான் எனக்கு அதிகம் மிச்சமானது என்று நினைக்கிறேன். வாங்குகிறவர்கள் வேலை ஒப்படைக்கும்போதே நிலத்தடிக் குழாய், தலைக்கு மேல் போகும் மின்கம்பி, மற்றவர் நடந்துபோகும் தடம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லி எழுதி வாங்குங்கள். எல்லை அளவைக்குள் இவை தானாக அடங்காது.

அறிக்கை வந்தது. படத்தோடு பல பக்க விளக்கம்: எந்தெந்தக் காகிதத்தைப் பார்த்தார், எந்தக் கல் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, கிடைக்காததை எந்த அடிப்படையில் நிறுவினார், பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் பக்கம் பக்கமாக ஒப்பீடு, ஒவ்வொரு மூலைக்கும் அதன் இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயத்தொலை. பரப்பு இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார்: கற்களின்படி 580 சதுர மீட்டர், இப்போது கையில் இருப்பது 575. ஒரே எண்ணாகக் குழைத்துக் கொடுக்காததற்கே அவருக்கு ஒரு கும்பிடு. எல்லையைச் சுற்றிக் கருவி வைத்த புள்ளிகளின் வழியாகப் போய்ப் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்தால், கணக்கும் புறப்பட்ட இடத்திலேயே முடிந்து கச்சிதமாக மூட வேண்டும். 210 மீட்டர் சுற்றில் 9 மில்லிமீட்டர் மூடவில்லை என்று அதையும் எழுதியிருந்தார். அதாவது 23,000இல் ஒரு பங்கு. அந்த 9 மில்லிமீட்டரைப் புள்ளிகளுக்குப் பங்கிட்டுச் சரிக்கட்டியதையும் மறைக்கவில்லை. இருப்புநிலைச் சரிபார்ப்பில் வித்தியாசத்தை நான் இப்படிப் பங்கிட்டுப் போட்டால் என் உரிமம் போய்விடும். ஆனால் அளக்கும் தொழிலில் எப்படியும் பிழை உண்டு, எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் பங்கிடுவதுதான் நேர்மை. சொல்லாமல் பங்கிடுவதுதான் திருட்டு. "வித்தியாசமே இல்லை, அச்சாகப் பொருந்திவிட்டது" என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கையைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இந்த அறிக்கையை வைத்து விற்பவரோடு திரும்பப் பேசினோம். 585 போய் 580 வந்தது. சுவர் நிற்கும் துண்டை வக்கீல் தனிப் பத்தியாக எழுதி விலைக் கணக்கிலிருந்து கழித்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவர் இன்ன இடத்தில் நிற்கிறது என்பதை ஒப்புக்கொண்டு படத்தில் கையெழுத்துப் போட்டார். சுவர் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. குழாய்க்காக வீட்டுத் திட்டத்தைத் திருப்பிப் போட்டோம்.

இனிக் குறைகள். ஒப்புக்கொண்ட தேதிக்கு அறிக்கை வரவில்லை, தள்ளித் தள்ளித்தான் வந்தது. இடையில் போன் எடுப்பதில்லை, செய்திக்குப் பதில் இல்லை. முன்பணம் கொடுத்தவருக்கு "இன்னும் ஆகலை" என்று இரண்டு வார்த்தை அனுப்ப என்ன கஷ்டம்? படத்தை 1:200 அளவில் பிடிஎஃப் ஆக அனுப்பினார். என் அலுவலக அச்சுப்பொறி அதைப் பக்கத்துக்குப் பொருத்திச் சுருக்கி அடித்தது, ஸ்கேல் வைத்து அளந்தால் எதுவும் சேரவில்லை. படத்தின் ஓரத்தில் நீளக்கோட்டு அளவுகோல் ஒன்று வரைந்திருந்ததால் தப்பித்தோம். அச்சுப் பிரதி ஒன்றை அவரே எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கேட்ட பிறகுதான் கொடுத்தார். ஆயத்தொலைகளின் கோப்பையும் அப்படித்தான், கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நாளை கட்டட வேலைக்கு வேறொருவர் வந்தால் அந்தக் கோப்புதான் உதவும், மறக்காமல் கேளுங்கள்.

பெரிய குறை, நாலாவது மூலையில் அன்றைக்கு மரமுளையை அடித்துவிட்டுப் போனது. இரும்புக் கம்பி வைத்து கான்கிரீட் போடுவது அறிக்கைக்குப் பிறகு என்றார். புல் வெட்ட வந்தவர் முளையைப் பிடுங்கி வேலியோரம் போட்டுவிட்டார். நல்ல வேளை, அந்தப் புள்ளியிலிருந்து சுவர் முனைக்கும் மின்கம்பத்துக்கும் எவ்வளவு தூரம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததால் திரும்ப நட முடிந்தது. ஆனால் முதல் நாளே கான்கிரீட் போட்டிருந்தால் அந்த வேலையே இல்லை.

அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவைப்படாது. தனி மனை, பழைய படம், பக்கத்தில் சுவர் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் விற்பவருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே அளவையரைக் கூப்பிடுங்கள். கொடுத்த பிறகு கூப்பிட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. எல்லை ஆராய்ச்சிக்கும் அறிக்கைக்கும் முழு மதிப்பெண், போனை எடுக்காததற்கு அரை, மரமுளைக்கு அரை குறைத்திருக்கிறேன்.